காலியாக விட்ட ஏழாவது கட்டம்

பிப்ரவரி 9

அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. உடம்புக்கு ஒரு குறையும் இல்லை, கறுப்புதான் கூடிவிட்டது. நீ பார்த்தால் "யாருடா நீ?" என்று கதவைச் சாத்திவிடுவாய். நீயும் அத்தானும் எப்படி இருக்கிறீர்கள்? விடுதியில் இருக்கும் உன் மகள், நம் வாயாடி, படிக்கிறாளா, பேசிக்கொண்டே இருக்கிறாளா?

விஷயத்துக்கு வருகிறேன். ஐந்து வருஷம் முடித்த டைவிங் பயிற்சியாளர்கள் வீட்டார் இரண்டு பேரை ஒரு வாரம் தீவுக்கு அழைத்துக்கொள்ளலாம் என்று முதலாளி சொல்லிவிட்டார். இங்கே நவம்பரில் மழை ஓய்ந்து கடல் கண்ணாடியாகக் கிடக்கும். அதே மாதம் உங்கள் கல்யாணத்துக்கு இருபத்தைந்து வருஷம் முடிகிறது. என்னக்கா, இதைவிட வேறு என்ன நாள் பார்க்க வேண்டும்? அறுபது மீட்டர் உயரத்தில் கிரேன் ஓட்டுகிற மனுஷனைப் பத்து மீட்டர் ஆழத்துக்கு இறக்கிக் காட்ட வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. நீச்சல் தெரியாதே என்று நீ ஆரம்பிக்காதே. நீச்சல் தெரியாதவர்களையும் மூன்று ஆள் ஆழம்வரை கையைப் பிடித்துக் கூட்டிப்போவோம்.

இதோடு இரண்டு படிவம் வைத்திருக்கிறேன், ஆளுக்கு ஒன்று. உடல்நிலை பற்றிப் பத்தே கேள்வி. போன வருஷத்திலிருந்து முதலாளி இதில் ரொம்பக் கெடுபிடி. காரணம் பெரிய கதை, நேரில் சொல்கிறேன். படிவம் என்றால் உனக்குக் கை பரபரக்கும் என்று தெரியும், உடனே நிரப்பி அனுப்பு. இங்கே போன் சிக்னல் கிடையாது. அலுவலகத்தில் இருக்கும் சாட்டிலைட் போன் ஆபத்துக்கு மட்டும். பதினைந்து நாளுக்கு ஒரு தடவை வருகிற சரக்குப் படகுதான் நமக்குத் தபால்காரர்.

உப்பு நீரில் ஊறிய,
உன் தம்பி


பிப்ரவரி 27

தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நான் நலம், உன் அத்தான் நலம், வாயாடி வாயால் நலம். நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா?

பள்ளிக்கூட அலுவலகத்தில் காலையிலிருந்து சாயங்காலம்வரை விண்ணப்பங்களைத் தின்று செரிக்கிறவளுக்கு நீயும் விண்ணப்பம் அனுப்புகிறாய், நல்லா இருடா. நிரப்பி வைத்திருக்கிறேன்.

உன் கடிதம் வந்த நாளிலிருந்து உன் அத்தானைப் பிடிக்க முடியவில்லை. அடுத்த வீட்டு எலக்ட்ரீஷியனிடம், "நான் கடலுக்கு அடியில போறேன், வரும்போது உங்களுக்கு ஏதாச்சும் வேணுமா?" என்று கேட்கிறார், கடைத்தெருவுக்குப் போகிற மாதிரி. போன சனிக்கிழமை பக்கெட்டில் தண்ணீரை நிரப்பி முகத்தை முக்கி மூச்சடக்கிப் பழகிக்கொண்டிருந்தார். நான் ஓடிப்போய்ச் சட்டையைப் பிடித்து இழுத்ததில் இரண்டு பொத்தான் தெறித்துவிட்டது.

"என்னடி, பக்கெட்டுல விழுந்து யாராவது செத்திருக்காங்களா?" என்றார்.

எனக்குத் தண்ணீரென்றாலே ஆகாது என்பது உனக்குத் தெரியும். மாடித் தொட்டியை எட்டிப் பார்த்தாலே தலை சுற்றும். அவரை மட்டும் கரையில் உட்கார வைத்துக் கடலைக் காட்ட முடியாதா? இறங்கித்தான் ஆக வேண்டுமா?

அவருடைய கிரேன் இப்போது நகராட்சி மைதானத்துக்குப் பின்னால் கட்டுகிற பெரிய கட்டடத்தில் நிற்கிறது. எங்கள் பள்ளிக்கூட மாடி வராந்தாவிலிருந்து பார்த்தால் அதன் கை தெரியும். பதினொரு மணி இடைவேளையில் போய் ஒரு பார்வை பார்த்துவிட்டு வருவேன். டீச்சர்கள் கேலி செய்கிறார்கள், செய்துவிட்டுப் போகட்டும்.

உடம்பைப் பார்த்துக்கொள்.
அக்கா


மார்ச் 14

அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. நலம். உங்கள் நலம் கடிதத்தின் முதல் வரியிலேயே தெரிந்துகொண்டேன்.

படிவங்கள் வந்தன. அத்தானுடைய படிவத்தில் ஏழாவது கேள்விக்கு எதிரே ஒன்றும் எழுதவில்லையே, மறந்துவிட்டாயா? "வலிப்பு, மயக்கம், நினைவு தப்புதல்: ஒரு தடவையாவது உண்டா?" என்பது கேள்வி. உன்னுடையதில் 'இல்லை' என்று அழகாக எழுதியிருக்கிறாய். அவருடையதில் கட்டம் பளிச்சென்று காலியாக இருக்கிறது.

எனக்குச் சிரிப்பாக வந்தது. அப்பா பெயருக்கு முன்னால் இனிஷியல் இல்லை என்று ஒரு மனுஷனைக் கொளுத்துகிற வெயிலில் திருப்பி அனுப்பினவள் நீ. நம் வீட்டில் யாருக்கு எந்தப் படிவம் வந்தாலும் நீதான் நிரப்புவாய், ஒரு கட்டம் விடமாட்டாய். எனக்கு இந்த வேலைக்கு விண்ணப்பம் போட்டபோதுகூட, சின்ன வயதில் இழுப்பு வந்து மூச்சுத் திணறி நான் பட்ட பாட்டையெல்லாம் ஒரே 'இல்லை'யில் முடித்தவளாயிற்றே! வயதாகிவிட்டதா அக்கா?

அடுத்த கடிதத்தில் ஒரு வார்த்தை எழுதிவிடு, நானே நிரப்பிக்கொள்கிறேன். இரண்டு பேருடைய உயரம், எடை, செருப்பு அளவும் வேண்டும். கடல் உடுப்பும் துடுப்புச் செருப்பும் முன்கூட்டி எடுத்து வைக்க வேண்டும்.

அத்தானிடம் பக்கெட்டை விடச் சொல். இங்கே மூச்சை அடக்கவே கூடாது, விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அதுதான் முதல் பாடம்.

தம்பி


ஏப்ரல் 22

தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நலம், உன் அத்தானும் நலம். பதில் தாமதமாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. பள்ளியில் சேர்க்கை நேரம், தண்ணீர் குடிக்க நேரமில்லை.

என் உயரம் நூற்று ஐம்பத்திரண்டு, எடையைக் கேட்காதே, அறுபத்தெட்டு. உன் அத்தான் நூற்று எழுபது, எழுபத்தொன்று. செருப்பு எனக்கு ஐந்து, அவருக்கு ஒன்பது.

நவம்பர் சரிப்படுமா என்று யோசிக்கிறேன். எனக்கு முழங்கால் வலி வந்துவிட்டது. படகில் பதினாலு மணி நேரமாமே, எனக்குப் பஸ்ஸிலேயே குமட்டும். வாயாடிக்கும் அப்போது பரீட்சை இருக்கலாம். அடுத்த வருஷம் பார்ப்போமே? கடல் எங்கே ஓடிவிடப் போகிறது?

உனக்கு இரண்டு காட்டன் சட்டை தைக்கக் கொடுத்திருக்கிறேன். மழை ஆரம்பித்துவிட்டதா? ஈரத் துணியோடு உட்காராதே, இழுப்பு திரும்பப் போகிறது.

அக்கா


மே 7

அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. நலம் என்று எழுதத்தான் வேண்டும், எழுதிவிட்டேன்.

உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். முழங்கால், குமட்டல், பரீட்சை. அக்கா, உண்மையைச் சொல். தம்பி அடுத்தவன் காலில் துடுப்புச் செருப்பு மாட்டிவிடுகிற வேலை பார்க்கிறான், அங்கே போய் என்ன கௌரவம் என்று தோன்றுகிறதா? அம்மாவும் அப்பாவும் போன பிறகு என்னை ஆளாக்கியவள் நீ. அஞ்சு வருஷமாக ஒரு தடவைகூட என் வேலையை வந்து பார்க்கவில்லை. நான் வாய் திறந்து கேட்டது இது ஒன்றுதான். மனசு விட்டுப்போச்சு.

வருவதும் வராததும் உன் இஷ்டம். ஆனால் செருப்பு அளவுவரை எழுதியவள் ஏழாவது கேள்வியைப் பற்றி மறுபடியும் ஒரு சொல் எழுதவில்லை. கேட்டதை மறக்கிற ஆள் இல்லை நீ. 'இல்லை' என்று எழுத எத்தனை நொடி ஆகும்? காலிப் படிவம் ஒன்று இதோடு வைத்திருக்கிறேன்.

தம்பி


மே 25

மச்சானுக்கு,

அத்தான் எழுதுவது. நான் கடிதம் எழுதிப் பத்து வருஷம் இருக்கும், எழுத்தைப் பார்த்து மிரளாதே. நான் நலம், உன் அக்கா நலம். ஆனால் முகம் மட்டும் எப்போதும் மழைக்கு முந்தின வானம் மாதிரி இருக்கிறது.

நீ எழுதியதை மேஜை இழுப்பறையில் பார்த்தேன். வருத்தப்படாதே. நாங்கள் வருகிறோம், அவள் வராவிட்டால் நான் வருகிறேன். லீவு எழுதிக் கொடுத்தாயிற்று. சைட்டில் எல்லாரும் என்னை இப்போது 'சுறா' என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

படிவத்தில் ஏதோ விட்டுப்போனதாமே. உன் முன் கடிதத்தோடு ஒரு காலிப் படிவமும் இருந்தது, அதை நானே நிரப்பி அனுப்புகிறேன். பத்துக்கும் 'இல்லை'. ஒரு நாள் காய்ச்சல் என்று படுத்தவன் இல்லை நான். இருபது மாடி உயரம் ஏணியில் ஏறி இறங்குகிறவனுக்கு என்ன நோய் வரும்?

ஒரே தொல்லை, தூக்கத்தில் பல்லைக் கடிக்கிறேனாம். போன ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டுவிட்டு ஒரு குட்டித் தூக்கம் போட்டேன். எழுந்தால் நாக்கின் ஓரம் பிய்ந்து தலையணையெல்லாம் ரத்தம். தோள்பட்டை இரண்டும் யாரோ அடித்துப் போட்ட மாதிரி. என்ன கிழமை என்றே கொஞ்ச நேரம் பிடிபடவில்லை. "கெட்ட கனா கண்டு கத்தினீங்க" என்றாள் உன் அக்கா. இத்தனைக்கும் எனக்கு ஒரு கனவும் ஞாபகம் இல்லை. ஜனவரியிலும் ஒரு தடவை இப்படித்தான். வாயில் கடிக்கிற அந்தக் காற்றுக் குழாயை நான் கடித்துத் துப்பிவிடுவேனோ என்றுதான் எனக்குக் கவலை, ஹா ஹா.

இதை உன் அக்காவிடம் சொல்லிவிடாதே.

அத்தான்


ஜூன் 8

அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. இதைப் பள்ளிக்கூட முகவரிக்கு அனுப்புகிறேன். தனியாக இருக்கும்போது படி.

அத்தான் எனக்கு எழுதினார். பத்துக்கும் 'இல்லை' போட்டு அனுப்பியிருக்கிறார். கூடவே நாக்குப் பிய்ந்தது, தோள் வலித்தது, கிழமை தெரியாமல் முழித்தது எல்லாவற்றையும் வேடிக்கையாக எழுதியிருக்கிறார்.

அக்கா, நேரில் சொல்கிறேன் என்றேனே, அந்தக் கதையை இப்போதே சொல்கிறேன். போன வருஷம் ஒருவர் வந்தார், என் வயதுதான். படிவத்தில் பத்துக்கும் 'இல்லை'. எட்டு மீட்டரில் என் கண் முன்னாலேயே உடம்பு முறுக்கிக்கொண்டது. வாயிலிருந்த குழாய் தெறித்துவிட்டது. நான் இழுத்துக்கொண்டு மேலே வர ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. அந்த ஒரு நிமிஷமே அதிகமாகிவிட்டது. படகில் படுக்க வைத்து வாயைத் திறந்தபோது நாக்கின் ஓரம் பிய்ந்திருந்தது. அவர் மனைவி பிறகு சொன்னார், வீட்டில் தூக்கத்தில் இரண்டு தடவை வந்திருக்கிறதாம். பயணம் நின்றுவிடக் கூடாது என்று எழுதவில்லையாம். அந்த அம்மா அழுததை நான் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

அத்தான் கனவு கண்டு கத்தவில்லை. அது உனக்குத் தெரியும், அதனால்தான் அந்தக் கட்டத்தில் 'இல்லை' என்று எழுத உன் கை வரவில்லை. எனக்கு எழுதிய ஒவ்வொரு கடிதத்திலும் "உன் அத்தான் நலம்" என்று முதல் வரியில் எழுதியிருக்கிறாய், படிவத்தில் எழுத முடியவில்லை.

அத்தானைக் கடலில் இறக்கமாட்டேன், அதை விடு. கடல் நவம்பரில்தான். அவர் தினமும் காலையில் ஏறுகிறாரே, அறுபது மீட்டர், அதை என்ன செய்யப் போகிறாய்?

தம்பி


ஜூன் 26

தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நலமெல்லாம் இந்தத் தடவை விசாரிக்கவில்லை.

கெட்டிக்காரன்டா நீ, கண்டுபிடித்துவிட்டாய். திருப்திதானே?

போன வருஷம் ஆகஸ்டில் முதல் தடவை. ஞாயிறு மதியம். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன், கட்டில் ஆடுகிற சத்தம் கேட்டது. கண் மேலே சொருகி, வாயில் நுரை தள்ளி, கை கால் வெட்டி வெட்டி இழுத்தது. செத்துவிட்டார் என்றே நினைத்தேன். இரண்டு நிமிஷம். பிறகு குறட்டை. எழுந்து, "ஏன்டி அழற?" என்று என்னைக் கேட்டார். என்ன சொல்வேன்? கனவு என்றேன். ஈரமான போர்வையைக் குடத்துத் தண்ணீர் கொட்டிவிட்டது என்று சொல்லித் துவைத்தேன்.

ஜனவரியில் மறுபடி வந்ததும் நான் மட்டும் டாக்டரிடம் போனேன். சொந்தக்காரர் ஒருத்தருக்கு என்று சொன்னேன். "அவரைக் கூட்டிட்டு வாங்கம்மா. அதுவரைக்கும் உயரம் ஏறக் கூடாது, வண்டி ஓட்டக் கூடாது, தண்ணியில இறங்கக் கூடாது" என்றார். தலையாட்டிவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்தால் உன் அத்தான் கிரேன் கொக்கிக்கு எண்ணெய் போட்ட கதையைச் சிரித்துச் சிரித்துச் சொல்கிறார். எப்படிச் சொல்வேன்? அந்தக் கேபின்தான் அவருக்கு எல்லாம். இருபத்திரண்டு வருஷம்! கீழே இறக்கிவிட்டால் மனுஷன் உடைந்துபோவார். தூக்கத்தில் மட்டும்தானே வருகிறது, விழித்திருக்கும்போது வராது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பதினொரு மணிக்கு வராந்தாவில் நின்று எதைப் பார்க்கிறேன் என்று நினைத்தாய்? கிரேனின் கை அசைகிறதா என்று பார்க்கிறேன். அசைந்தால் அவர் நன்றாக இருக்கிறார். சில நாள் பத்து நிமிஷம் அசையாது. அந்தப் பத்து நிமிஷமும் நான் நானாக இல்லை.

எனக்கு நியாயம் சொல்ல வந்துவிட்டாய். உன் இழுப்பையும் நான்தான்டா 'இல்லை' என்று எழுதினேன். அப்போது இனித்ததா? அன்றைக்கு ஏழாவது கட்டம் எங்கே போயிற்று உனக்கு?

நீ இதில் தலையிடாதே. அவரிடம் நானே ஒரு நாள் சொல்வேன்.

அக்கா


ஜூலை 10

அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. நீ திட்டியது எல்லாம் சரி. அந்த ஆள் இறந்த மறுவாரம், படகில் வந்த டாக்டரிடம் போய் என் இழுப்பைப் பற்றி முழுவதும் சொன்னேன். குழாயில் ஊதச் சொன்னார், ஓடச் சொன்னார், படம் எடுக்க அனுப்பினார். ஒரு மாதம் கடலில் இறங்கவில்லை, வேலை போய்விட்டது என்றே நினைத்தேன். நுரையீரல் சுத்தம் என்று வந்தது. வந்திருக்காவிட்டால் இப்போது எங்கேயாவது கடையில் பொட்டலம் கட்டிக்கொண்டிருப்பேன். உயிரோடு இருப்பேன்.

"ஒரு நாள் சொல்வேன்" என்கிறாய். எந்த நாள்? அவர் கொக்கிக்குக் கீழே எத்தனை பேர் வேலை செய்கிறார்கள்? அவர்கள் வீட்டிலும் யாராவது வராந்தாவில் நிற்பார்கள்.

அத்தானுக்கு எழுதிய கடிதத்தை இதற்குள்ளேயே வைத்திருக்கிறேன். உறையை ஒட்டவில்லை. நீ படித்துவிட்டுக் கொடு. கிழித்துப் போடவும் உன்னால் முடியும், அதுவும் எனக்குத் தெரியும். ஆகஸ்டின் முதல் படகில் உன்னிடமிருந்தோ அவரிடமிருந்தோ பதில் வர வேண்டும். வராவிட்டால் முதலாளி காலில் விழுந்தாவது சாட்டிலைட் போனை எடுப்பேன். ஆபத்துக்கு மட்டும் என்பதுதானே விதி? எனக்கு இது ஆபத்து.

தயவுசெய்து அக்கா.

தம்பி


ஆகஸ்ட் 7

அக்கா,

படகு வந்தது. அரிசி மூட்டை வந்தது, சிலிண்டர் வந்தது. உன் கடிதம் வரவில்லை.

முதலாளி ஒரே ஒரு அழைப்புக்கு விட்டார். பள்ளிக்கூடத்துக்கு அடித்தேன். அங்கே பியூன் எடுத்து, "அம்மா நாலு நாளா லீவுங்க, எதுக்குன்னு சொல்லல" என்றார். அதற்குள் இணைப்பு அறுந்துவிட்டது. இருபது வருஷத்தில் நீ சேர்ந்தாற்போல நாலு நாள் லீவு போட்டதில்லை.

என்ன ஆயிற்று? நலமா என்று கேட்கக்கூடப் பயமாக இருக்கிறது. இந்தப் படகிலேயே இதை அனுப்புகிறேன். யாராவது ஒரு வரி எழுதுங்கள்.

தம்பி


ஆகஸ்ட் 19

மச்சானுக்கு,

அத்தான் எழுதுவது. முதலில் இதைப் படி: உயிரோடு இருக்கிறேன், உன் அக்காவும் இருக்கிறாள். மூச்சை விடு. அதுதானே முதல் பாடம்?

ஜூலை முப்பதாம் தேதி, வேலை நாள். பதினொன்றே முக்கால் இருக்கும். கீழே இருந்து சிக்னல் காட்டுகிறவர் வாக்கி-டாக்கியில் வந்தார். "அண்ணே, உங்க வீட்டம்மா வந்து நிக்கிறாங்க."

"சாப்பாட்டு நேரத்துல வர்றேன்னு சொல்லு."

"சொன்னேண்ணே. ஏறி வர்றேங்கிறாங்க."

"என்னது?"

"ஏணியில கால வெச்சுட்டாங்கண்ணே!"

மச்சான், மாடித் தொட்டியை எட்டிப் பார்க்கப் பயப்படுகிறவள் அவள். கொக்கியில் கம்பிக் கட்டு தொங்கிக்கொண்டிருந்தது. அதைப் பதமாக இறக்கி வைத்து, கொக்கியை விடுவித்து, இயந்திரத்தை அணைத்துவிட்டு ஓடி வந்தேன். பதினோராவது படியில் நின்றிருந்தாள். யாருடைய ஹெல்மெட்டோ கண்ணை மறைக்க, இரண்டு கையாலும் கம்பியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, மேலேயும் போக முடியாமல் கீழேயும் இறங்க முடியாமல் நடுங்கிக்கொண்டிருந்தாள். அந்த நிலையிலேயே எல்லாவற்றையும் சொன்னாள்.

"வீட்டுல சொல்றதுக்கு என்னடி?" என்றேன்.

"வீட்டுல சொன்னா நாளைக்குக் காலையில ஏறிடுவீங்க. இங்க சொன்னாத்தான் ஏற மாட்டீங்க" என்றாள்.

அவளை இறக்கிவிட்டு, மணல் குவியல்மேல் உட்கார்ந்து உன் கடிதத்தைப் படித்தேன். கோபம் என்றால் கோபம், அப்படி ஒரு கோபம். ஒரு வருஷமாக என் உடம்பைப் பற்றி எனக்குத் தெரியாததை அவள் தெரிந்துவைத்துக்கொண்டு, கனவு, தண்ணீர் கொட்டிவிட்டது என்று என்னைப் பச்சைக் குழந்தை மாதிரி ஏமாற்றியிருக்கிறாள். பதினோரு நாள் அவளோடு பேசவில்லை. பேசாமலேயே டாக்டரிடம் போனோம், பேசாமலேயே தலையில் வயர் மாட்டிச் சோதனை எடுத்தோம். நீ போன் செய்தது அந்த நாட்களில்தான். வலிப்பேதான். மாத்திரை கொடுத்திருக்கிறார்கள்.

சூப்பர்வைசரிடம் நானே போய்ச் சொன்னேன். அவர் கிரேனை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார். பிறகு, "போன மாசம் தண்ணித் தொட்டிய மைதானத்துல விளையாடுற பிள்ளைங்க தலைக்கு மேல சுத்தி இறக்குனோமே..." என்றார். அன்றைக்கு என் கோபம் போயிற்று. இப்போது கிடங்கில் ஹெல்மெட்டும் கயிறும் எடுத்துக் கொடுக்கிறேன். என் தண்ணீர் பாட்டில் மேலே கேபினிலேயே கிடந்தது. புது ஆப்பரேட்டர் கொண்டுவந்து கொடுத்தான். அவன் போன பிறகு கொஞ்சம் அழுதேன், உன்னிடம் சொல்வதற்கென்ன.

புதுப் படிவம் வைத்திருக்கிறேன். ஏழாவது கேள்வி: 'ஆம். மூன்று தடவை.' என் கையெழுத்து. எனக்கு டைவிங் கிடையாது என்று தெரியும், ஆனாலும் அந்தப் பொய்யை எடுத்துவிட்டு இதைக் கோப்பில் வை. கரையில் உட்கார்ந்து கடல் பார்க்க வரலாமா?

அத்தான்


செப்டம்பர் 14

தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நான் நலம். உன் அத்தானுக்கு மாத்திரையால் கொஞ்சம் தூக்கக் கலக்கம், மற்றபடி மே மாதத்துக்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. இனிமேல் முதல் வரியில் உள்ளது உள்ளபடிதான் எழுதுவேன். உன் கடிதத்தைக் கிழிக்கத்தான் எடுத்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். அன்று வராந்தாவில் நின்றபோது கிரேன் இருபது நிமிஷம் அசையவில்லை. கொக்கியில் ஏதோ பழுதாம், எனக்கு எப்படித் தெரியும்? ஆட்டோ பிடித்து நேரே சைட்டுக்குப் போய்விட்டேன்.

போன படகில் நீ அவருக்கு எழுதியதைப் படித்தேன். உங்கள் ஆட்கள் தண்ணீருக்குள் போகும்போது படகில் ஒருவர் இருந்து குமிழ்களைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டுமாமே, எத்தனை பேர் இறங்கினார்கள், எத்தனை பேர் ஏறினார்கள் என்று கணக்கு வைக்க வேண்டுமாமே. உங்கள் ஆள் ஒருவரோடு நிழலில் உட்கார்ந்து, சட்டை மாதிரி மிதவையை மாட்டிக்கொண்டு அந்த வேலையைச் செய்கிறாரா என்று கேட்டிருக்கிறாய். மனுஷனுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "மேல இருந்து பாக்கறதுதானே நம்ம வேலை" என்கிறார். எலக்ட்ரீஷியனிடம் பதவி உயர்வு என்று சொல்லி வைத்திருக்கிறார். டாக்டரும் படகுக்குச் சம்மதித்துவிட்டார். எத்தனை மணிக்கு மாத்திரை, வந்தால் என்ன செய்வது என்று அவர் எழுதிக் கொடுத்ததை உனக்குப் பிரதி எடுத்து வைத்திருக்கிறேன்.

பழக்கம் விடவில்லை, பதினொரு மணிக்கு இன்னும் வராந்தாவுக்குப் போகிறேன். கிரேன் அசைகிறது. உள்ளே இருப்பது அவரில்லை என்று ஞாபகம் வந்ததும் சிரித்துக்கொண்டு திரும்பிவிடுகிறேன்.

என் படிவத்தைப் புதிதாக நிரப்பியிருக்கிறேன். பத்து கேள்விக்கும் உண்மை, முழங்கால் வலி உட்பட. அந்த வலி மட்டும் பொய்யில்லையடா. பயத்துக்கு உங்கள் படிவத்தில் கட்டமே இல்லை, அதனால் ஓரத்தில் எழுதியிருக்கிறேன்: 'பயம் உண்டு, நிறைய.' என் கையை விட்டாயோ, கடலுக்குள்ளேயே உன்னை உதைப்பேன்.

மூன்று ஆள் ஆழம் என்றாய், நான் இறங்குகிறேன். ஒரு வருஷம் நான் கீழே நின்று அவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இனி அவர் மேலே உட்கார்ந்து என் குமிழ்களைப் பார்க்கட்டும்.

உன் அக்கா